பைக்கில் கூடுதல் விளக்கு: எங்கே எரியணும், எங்கே அணையணும்?

சனிக்கிழமை விடியற்காலையில் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பைக் கடந்து தாம்பரம் பக்கம் திரும்பும் பைக்குகளைக் கவனியுங்கள். பின்னால் பெட்டி, டேங்கின் மேல் பை, முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு. ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, புதுச்சேரி என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பியவர்கள். பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கீழே, கிராஷ் கார்டின் இரு பக்கமும், உள்ளங்கை அளவில் ஒரு ஜோடி எல்இடி விளக்கு இருக்கும். கடையில் ஃபாக் லைட் என்று கேட்டாலும் ஆக்ஸ் லைட் என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

இந்த விளக்கு வேண்டாத ஆடம்பரம் என்று சொல்பவர்கள் செங்கல்பட்டைத் தாண்டி இரவில் பைக் ஓட்டாதவர்கள். கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. சாலையில் படுத்திருக்கும் மாடு கண்ணில் பட்டு, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால் நிற்க இன்னும் 40 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குக் குறையாது. சாதாரண ஹெட்லைட்டை டிம்மில் வைத்தால் தெளிவாகத் தெரிவது 50, 60 மீட்டர்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கு அது போதும். 80-இல் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கூடுதல் விளக்கு. ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்களே தங்கள் பயண வண்டிகளுக்கு இதைத் துணைப்பொருளாக விற்கின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே விளக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் மாலை ஏழு மணிக்கு எரிகிறது. தெருவிளக்கு இருக்கும், கடைகளின் வெளிச்சம் இருக்கும், வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வேளச்சேரி – தாம்பரம் சாலை அது. எதிரே ஸ்கூட்டரில் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவருகிற அம்மாவுக்கு இரண்டு மூன்று விநாடி எதுவுமே தெரியாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் தெளிவு குறைந்து, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கிறது. ஒரு விளக்கு போதும், பார்வை முழுக்கவும் வெளுத்துப்போக. நீலம் கூடிய வெள்ளை எல்இடி இந்தக் கூச்சத்தை அதிகமாக்குகிறது. தெருவில் நடந்துபோகும் ஒரு பெரியவரைச் சுவரோரம் ஒதுங்கி நிற்க வைக்கும் உரிமை எந்தப் பயண பைக்குக்கும் கிடையாது.

சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதியைப் பாருங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கியே விழ வேண்டும் என்கிறது அது. 111-ஆவது விதி முன்பக்கத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதையே தடுக்கிறது; விதிவிலக்கு வேண்டுமென்றால் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே வண்டி நிறுவனமே விற்கும் விளக்கை வாங்குவது நல்லது. வெளிக்கடையில் வாங்கினால் மேல் விளிம்பு கத்தரித்ததுபோல நேராக முடியும் ஒளியா என்று சுவரில் அடித்துப் பார்த்து வாங்குங்கள். வட்டமாகப் பரவி மேலேயும் சிதறும் விளக்கை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் எதிரே வருபவர் தப்ப முடியாது. அதிலும் பளிச் பளிச்சென்று விட்டுவிட்டு எரியும் வகைகளை விற்பதையே நிறுத்த வேண்டும்.

விளக்குகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று ஸ்பாட்: ஒளி குறுகி, தூரம் போகும். இது பிரைட் லைட்டின் கூட்டாளி. இன்னொன்று ஃபாக்: ஒளி இரு பக்கமும் அகன்று, கிட்டத்திலேயே விழும். சாலையோரம், பள்ளம், வளைவின் உட்பக்கம் எல்லாம் இதில் தெரியும். ஸ்பாட் எப்போதும் பிரைட்டோடு எரிந்து பிரைட்டோடு அணைய வேண்டும். இதை ஓட்டுபவரின் நினைவுக்கும் நல்லெண்ணத்துக்கும் விட்டால் நடக்காது. ஒயரிங்கிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும் சாதாரண நான்கு கால் ரிலேயே போதும். 30 என்று எண் போட்ட காலுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், நடுவில் ஃபியூஸ். 87-லிருந்து விளக்குக்கு. 85 எர்த்துக்கு. 86-க்கு வரும் ஒயர்தான் முக்கியம். அதை ஹெட்லைட்டின் பிரைட் ஒயரிலிருந்து, ஹேண்டில் பார் சுவிட்ச் வழியாக எடுத்தால், கட்டைவிரல் டிம்முக்குத் தள்ளிய நொடியில் ஸ்பாட்டும் சேர்ந்து அணையும். பல கடைகளில் வேலை சுலபம் என்று 86-ஐ இக்னிஷன் ஒயரில் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு டிம் அடித்தும் பயனில்லை. ஹெட்லைட் தாழும், ஸ்பாட் எரிந்துகொண்டே இருக்கும். எதிரே வருபவர் கோபத்தில் தன் பிரைட்டைப் போடுவார். வண்டியை எடுக்கும்போது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரிலேயை எதில் கொடுத்தீர்கள் என்பதுதான்.

மின்சாரக் கணக்கு எளிது. தலா 40 வாட் என்றால் இரண்டும் 80 வாட். 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும், அதுவும் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். எல்லாம் எரியும்போது, எஞ்சின் ஓடுகிற வேகத்தில், பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கவலையில்லை. குறைந்தால் வண்டியின் மின் உற்பத்தி தாங்கவில்லை என்று பொருள். சிறிய விளக்குக்கு மாறுங்கள்.

இனி, பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது: கோணம் வைப்பது. பகல் வெயிலில் விளக்கைப் பூட்டி, எரிகிறதா என்று மட்டும் பார்த்து வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். இருட்டிய பிறகு அடுக்குமாடி வீட்டு பார்க்கிங்கில் ஒரு வெறுஞ்சுவரும் இன்ச் டேப்பும் கறுப்பு டேப்பும் இருந்தால், இதை அரை மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம். முதலில் டயரில் காற்று சரியாக இருக்கட்டும். பயணத்துக்கு எடுத்துப்போகும் பெட்டிகளை மாட்டுங்கள். நீங்கள் ஏறி உட்காருங்கள். பின்னால் ஒருவர் வருவாரென்றால் அவரும். வண்டி ஸ்டாண்டில் இல்லாமல் நேராக நிற்க வேண்டும். சுவருக்கும் விளக்குக்கும் இடையில் ஏழரை மீட்டர். விளக்கின் நடுமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப். ஃபாக் வகைக்கு அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே இன்னொன்று. ஒளியின் மேல் விளிம்பு இந்தக் கீழ் டேப்பைத் தாண்டக் கூடாது. நூற்றுக்கு இரண்டு என்ற இந்தச் சரிவில் ஒளி முப்பது மீட்டர் சொச்சத்தில் தரையைத் தொட்டுவிடும். ஸ்பாட்டுக்கு நூற்றுக்கு ஒன்று. ஒளியின் பிரகாசமான நடு ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே இருந்தால், 65 மீட்டரில் தரை தொடும். பக்கவாட்டில், வலது விளக்கு நேராக இருக்கட்டும், இடது விளக்கை ஒரு துளி சாலையோரம் பக்கம் திருப்பலாம். எதுவும் வலது பக்கம் திரும்பக் கூடாது; அங்கேதான் எதிரே வருபவர் இருக்கிறார்.

விதி சொல்லும் அந்த 8 மீட்டர் சோதனையையும் செய்யுங்கள். ஐந்தே கால் அடி, ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் கண் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டில் ஒருவரை நிறுத்தினால் போதும். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். நூற்றுக்கு இரண்டு மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு விளக்கு 8 மீட்டரில் 81 சென்டிமீட்டர் உயரம்தான் வரும்; முன்னால் நிற்பவருக்கு இடுப்பளவு. பரீட்சையில் தேறிவிடும். அதே ஒளி 42 மீட்டரில் ஒன்றரை மீட்டரைத் தொட்டு நேரே கண்ணில் விழும். அதனால் நீளமான ஒரு தெருவில் வண்டியை நிறுத்தி, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நீங்களே போய் நின்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை.

பெட்டியும் ஆளும் ஏற்றிக் கோணம் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பைக்கின் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். பாரம் ஏறிப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட வெறும் 3 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினாலே மூக்கு நூற்றுக்கு இரண்டு தூக்கிக்கொள்ளும். சுவரில் பார்த்துப் பார்த்து வைத்த சரிவு முழுவதும் அங்கே போய்விடும். பின் ஷாக்கின் ப்ரீலோடை ஒன்றிரண்டு படி ஏற்றினால் பெரும்பகுதி சரியாகும். வார நாளில் தனியாக ஆபீஸ் போகும்போது பழைய படிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

எங்கே போடுவது என்பதைச் சாலைதான் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியதும் நடுத்திட்டில் அரளிச் செடிகள் வரிசையாக நிற்கும். அழகுக்கு மட்டுமல்ல, எதிர்த்திசை வெளிச்சத்தை மறைப்பதற்கும்தான் நெடுஞ்சாலைகளில் அவற்றை நடுகிறார்கள். செடி அடர்ந்த இடத்தில், முன்னால் வண்டி இல்லாதபோது, ஸ்பாட் போட்டு ஓட்டலாம். முன்னால் ஒரு கார் இருந்தால் அணைத்துவிடுங்கள்; அவர் கண்ணாடியில் உங்கள் விளக்குதான் தெரியும். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்களுக்கு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே நடுத்திட்டு இல்லாத இருவழிப் பகுதிகளில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கட்டைவிரல் டிம் சுவிட்சின் மேலேயே இருக்க வேண்டும்.

மலைப்பாதையில் கதை மாறுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் தூரம் போகும் ஸ்பாட்டுக்கு வேலையே இல்லை. அது பள்ளத்தாக்கின் காற்றைத்தான் காட்டும். வலது பக்கம் வண்டியைச் சாய்த்துத் திரும்பும்போது ஹெட்லைட்டும் கூடவே சாய்ந்து, ஒளியின் வலது ஓரம் கீழே இறங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கமே இருட்டு. அகன்று விழும் ஃபாக் விளக்கு கைகொடுப்பது இங்கேதான். இடது வளைவில் நேர்மாறு: ஒளியின் வலது ஓரம் மேலெழுந்து, எதிரே ஏறி வருபவரின் முகத்தில் படும். அதனால் இடது வளைவுக்கு முன்பே டிம் அடித்துவிடுவது நல்லது.

மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்து புறநகரை மூடும் மார்கழிக் கடைசியில் இன்னொரு தவறு நடக்கும். எதிரே எதுவும் தெரியவில்லை என்று எல்லா விளக்கையும் போடுவார்கள். வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி, கண்முன் ஒரு வெள்ளைச் சுவர் எழும். பிரைட்டும் ஸ்பாட்டும் அணைந்து, டிம்மும் தாழ்வாகப் பொருத்திய ஃபாக்கும் மட்டும் எரிய வேண்டும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பழையது. பிரான்சில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். உண்மையில் மூடுபனியின் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோலச் சிதறடிக்கின்றன. மஞ்சளில் கண் கூசுவது குறைவு என்பது மட்டும் சரி, அதுவே போதுமான காரணம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தார் ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடுவதால் விளக்கு மங்கிவிட்டதுபோலத் தோன்றும். அப்போதும் தேவை வாட் அல்ல, வேகக் குறைப்பு. கூடவே கீறல் விழாத ஹெல்மெட் கண்ணாடி.

இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. 2017 ஏப்ரலிலிருந்து புதிய பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது, மற்றவர்கள் கண்ணில் படுவதற்காக. ஆனால் இரவில் தனியாக வரும் ஒற்றை விளக்கைப் பார்த்து அது எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிப்பது கடினம். லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்லைட்டோடு இன்னும் இரண்டு சிறிய விளக்குகள் சேர்ந்து முக்கோணமாகத் தெரிந்தபோது, பைக் வரும் வேகத்தைப் பார்ப்பவர்கள் மேலும் சரியாகக் கணித்தார்கள். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் சாலையைக் கடக்க நிற்பவருக்கும் யூ டர்ன் அடிக்கக் காத்திருக்கும் ஆட்டோவுக்கும் இந்த முக்கோணம் உதவும். அதற்குக் கண்ணைப் பறிக்கும் ஒளி வேண்டியதில்லை. ஒளியைக் குறைக்கும் வசதியுள்ள விளக்கென்றால் ஊருக்குள் மிகக் குறைந்த நிலையில், தாழ்ந்த கோணத்தில் வைத்து ஓட்டலாம். அந்த வசதி இல்லாத விளக்கு ஊருக்குள் அணைந்தே இருக்கட்டும்.

கோணம் வைத்து முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து கிளாம்ப் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கிராஷ் கார்டில் அதிர்வு அதிகம். போல்ட் மெல்லத் தளரும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும், வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தாலும், அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உடைந்திருந்தால் முறுக்கிவிட்டு, திரும்பவும் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும்.