ஆடுபுலி ஆட்டமும் அதிவேகக் கணினியும்

சென்ற கார்த்திகைத் தீபத்தின்பொருட்டுத் திருவண்ணாமலையிலுள்ள எம் பூர்வீக இல்லத்திற்குச் சென்றிருந்தகாலை, பரணிலிருந்த தகரப்பெட்டி ஒன்றனுள் மூன்றரை அங்குல பிளாப்பித் தட்டுகள் இரண்டைக் கண்டெடுத்தோம். அவை காலஞ்சென்ற எம் இளவலுடையவை. 1995-ஆம் ஆண்டில் அவ்வூரில் நடைபெற்றுவந்த கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் அவர் டர்போ பாஸ்கல் மொழி பயின்றகாலை, தாமே எழுதிய ஆடுபுலி ஆட்டம் அவற்றுள் அடங்கியிருந்தது. மூன்று புலிகளையும் இயந்திரம் நடத்தும். பதினைந்து ஆடுகளையும் நாம் நடத்தவேண்டும். நம் நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கற்றளத்தில் கீறப்பட்டுள்ள அதே கட்டந்தான். கல்லிற் கீறியதை இன்றும் சிறுவர் எவரும் கூழாங்கற்களும் புளியங்கொட்டைகளும் கொண்டு ஆடலாம். தட்டிற் பதிந்ததோ முப்பதாண்டிற்குள் ஊமையாய்விட்டது.

உண்மையில் அஃது ஐந்தாண்டிலேயே ஊமையாயிற்று. 2000-ஆம் ஆண்டில் புதிய பென்டியம் கணினியொன்று இல்லத்திற்கு வந்தது. எம் இளவல் ஆர்வமிக்குத் தம் ஆட்டத்தை அதிலிட்டு இயக்க, திரையில் 'ரன்டைம் எரர் 200' என்னும் ஒரு வரி மட்டும் தோன்றி, ஆட்டம் தொடங்குமுன்னரே முடிந்தது. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தமைக்குரிய பிழை அது. அவர் இரவு முழுதும் தம் நிரலை வரிவரியாகத் துருவியும் அத்தகைய வகுத்தலைக் கண்டிலர். தம் கணக்கே எங்கோ தவறியதென்று நம்பி, அன்றோடு நிரல் எழுதுதலைக் கைவிட்டார். அவர் பிழை அஃதன்று என்பது எமக்கு இப்பொழுதுதான் புலனாயிற்று. அதனைத் தெளிவாக எழுதிவைத்தல் எம் கடனென உணர்ந்தே இக்கட்டுரையை வரையலானோம்.

முதலில் தட்டை வாசிக்கவேண்டுமன்றோ! இக்கால மடிக்கணினிகளில் அதற்குரிய வாயிலே இல்லை. சோனி நிறுவனமும் 2011-இல் இத்தட்டுகளின் விற்பனையை நிறுத்திவிட்டது. எனினும், யூ.எஸ்.பி. வழியாகப் பொருத்தத்தக்க மூன்றரை அங்குல வாசிப்பான்கள் இன்னும் கிடைக்கின்றன. தட்டைச் செருகுமுன் அதன் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவிடல் நன்று. அவ்வாறு செய்யின் அத்தட்டில் எதுவும் எழுதப்படாது. பழந்தட்டினைத் தற்செயலாய் அழித்துவிட்டுப் பின்னர் வருந்துதலிற் பயனில்லை. எமக்கு முதற்றட்டு எளிதில் திறந்தது. இரண்டாவது மும்முறை மறுத்து நான்காம் முறை இணங்கிற்று.

அடுத்து, ஆட்டத்தின் பெயரை இருமுறை அழுத்தினோம். 'இச்செயலி உம் கணினியில் இயங்காது' என்னும் பொருள்படும் அறிவிப்பே விடையாய் வந்தது. காரணம் இது. எம்.எஸ்.டாஸ் காலத்து நிரல்கள் பல, 1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 என்னும் செயலியின் 16 பிட் மொழியில் அமைந்தவை. 1985-இல் வந்த 386 செயலி, தன்னுள்ளேயே 8086 போல நடிக்கும் ஆற்றலையும் உடன் கொண்டு பிறந்தது. அதன் துணையால் 32 பிட் விண்டோஸ் பழைய நிரல்களை ஒருவாறு தாங்கிற்று. 64 பிட் முறையில் இயங்கும்பொழுது செயலி அந்நடிப்பைத் துறந்துவிடுகின்றது. ஆதலின் 64 பிட் விண்டோஸும் அவ்வாதரவை விட்டொழித்தது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் வடிவமே கிடையாது.

இதற்கு மருந்து டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள். 2002 முதல் வழங்கிவரும் இஃது, பழைய செயலி, திரை, ஒலியட்டை, டாஸ் ஆகிய அனைத்தையும் மென்பொருளாகவே புனைந்து காட்டும். அதனுள் இருக்கும் நிரல் தான் 1995-இல் வாழ்வதாகவே எண்ணிக்கொள்ளும். யாம் மடிக்கணினியில் 'ஆட்டம்' என்றொரு கோப்புறை அமைத்துத் தட்டிலுள்ளவற்றை அதனுட் படியெடுத்தோம். பின்னர் 'மவுண்ட்' என்னும் கட்டளையால் அக்கோப்புறையைப் பொய்யான 'சி' வட்டாக டாஸ்பாக்ஸுக்குக் காட்டி, ஆட்டத்தின் பெயரை எழுதினோம். உடனே, படம் வரைதற்குரிய ஈ.ஜி.ஏ.வி.ஜி.ஏ. பி.ஜி.ஐ. என்னும் கோப்பைக் காணோமென்று முறையீடு எழுந்தது! டர்போ பாஸ்கலில் கோடும் வட்டமும் வரைய அச்சிறு கோப்பு வேண்டும். மறுத்து மறுத்து இணங்கிய இரண்டாம் தட்டில் அஃது இருந்தது. அதனை ஆட்டத்தின் அருகிலேயே வைத்து மீண்டும் இயக்கினோம். திரையில் முக்கோணக் கட்டமும் உச்சியில் புலியும் தோன்றின. பிழை 200 வந்திலது.

ஏன் வந்திலது? இங்கேதான் அந்த இரவின் விடை உள்ளது. டர்போ பாஸ்கல் மொழியில் 'சி.ஆர்.டி.' என்றொரு துணைத்தொகுப்பு உண்டு. 'சற்றே பொறு' என்னும் கட்டளைக்காக, நிரல் தொடங்கியவுடன் அது கணினியின் வேகத்தை அளக்கும். கணினிக் கடிகாரம் ஒருமுறை துடிக்க ஏறக்குறைய 55 மில்லிவினாடியாகும். அவ்விடைவெளியில் ஒரு வெறுஞ்சுழற்சி எத்தனை முறை ஓடுகின்றதென எண்ணி, அதனை 55-ஆல் வகுத்து, ஈவை 16 பிட் இடத்தில் வைக்கும். அவ்விடத்தில் 65,535-க்கு மேற்பட்ட எண் அடங்காது. சுழற்சி 36 இலட்சத்தைத் தாண்டினால் ஈவு வழிந்துவிடும். ஈவு வழிந்தாலும் சுழியால் வகுத்தாலும் செயலி எழுப்பும் ஓலம் ஒன்றே. ஆதலின் அம்மொழி இரண்டையும் '200' என்றே அறிவித்தது. 1992-இல் பாஸ்கல் 7 வெளிவந்தகாலை அத்துணை விரைவான கணினி மேசைகளில் இல்லை. 200 மெகாஹெர்ட்சு அளவினவாகிய கணினிகள் பரவியபின்னரே குறை வெளிப்பட்டது. குறை தொகுப்பை இயற்றியவரது. எம் இளவலது நிரல் குற்றமற்றது. டாஸ்பாக்ஸ் இத்தகைய நிரல்களை இயல்பாகவே மில்லிவினாடிக்கு 3,000 கட்டளைகள் என்னும் மெல்லிய நடையில் நடத்துதலின், ஈவு அடங்கிவிடுகின்றது. புலி நெடுநேரம் சிந்திப்பதாகத் தோன்றின், கண்ட்ரோல் விசையுடன் எஃப் 12-ஐ அழுத்தி விரைவுபடுத்தலாம். எஃப் 11 தாழ்த்தும்.

பெருநிறுவனங்களின் ஆட்டங்களுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. 1989-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' ஆட்டத்தின் மூலநிரல் தொலைந்ததென்றே அதனை ஆக்கிய ஜோர்டன் மெக்னர் கருதியிருந்தார். 2012-இல் அவர் தந்தையார் வீட்டிலிருந்த பெட்டியொன்றில் அத்தட்டுகளைக் கண்டெடுக்க, வல்லுநர் உதவியால் அவை வாசிக்கப்பெற்று யாவரும் காண வெளியிடப்பட்டன. பரணும் பெட்டியும் எந்நாட்டிற்கும் பொது போலும்.

சட்டத்தைக் குறித்தும் ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே எண்ணப்படுகின்றது. பழைய ஆட்டம் என்பதாலேயே அது பொதுவுடைமையாகிவிடாது. முறைப்படி பெற்ற தட்டை, அழிவினின்றும் காக்கப் படியெடுத்து வைத்துக்கொள்ளுதற்குச் சட்டம் இடந்தருகின்றது.

தீபத்தின் மறுநாள் எம் இளவலின் மகள் அவ்வாட்டத்தை ஆடினாள். முதலாட்டத்தில் எட்டு ஆடுகளை இழந்தாள். மூன்றாம் ஆட்டத்தில் மூன்று புலிகளையும் அடைத்தாள். தமிழெழுத்துரு எளிதிற் கிடையாத அந்நாளில் அவள் தந்தையார் கோடுகோடாக வரைந்துவைத்த 'ஆடு வென்றது' என்னும் சொற்கள் திரையில் எழுந்தன. அவற்றுள் றகரத்தின் வால் சற்றே கோணியிருந்தது. அதனைத் திருத்தலாமா என்று கேட்டாள், வேண்டாமென்றோம்.

வாசிப்பான் இப்பொழுது எம்மிடமே உள்ளது. பழைய மாணவர் எவரிடத்தேனும் மூன்றரை அங்குலத் தட்டுகள் வாசிக்கவியலாமற் கிடப்பின், கல்லூரி நாளன்று கொணர்வாராயின் உடனிருந்து படியெடுத்துத் தர இசைகின்றோம். ஐந்தேகால் அங்குலத் தட்டுகளுக்கு எம்மிடம் கருவியில்லை.