தமிழ் உரைப் பகுப்பாய்வு மென்பொருள்: கருவித் தேர்வும் ‘எழுத்து’ என்னும் அலகும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் உரைகளைக் கணினிவழி ஆராய்வோர் நிரல்மொழியையும் நிரலகத்தையும் தேர்ந்தெடுக்கும்போது வேகம், எளிமை, பரவலான பயன்பாடு ஆகியவற்றை அளவுகோலாகக் கொள்வது இயல்பு. ஒரு கருவி எதனை ‘எழுத்து’ என எண்ணுகிறது, ‘சொல்’ எங்கே முடிவதாகக் கொள்கிறது என்பன அவற்றினும் முதன்மையானவை. பொதுப் பயன்பாட்டுக் கருவிகளின் இயல்பு அமைப்புகள் தமிழ்த் தரவில் எத்தகைய பிழைகளை விளைவிக்கின்றன என்பதையும், தேர்வுக்கு முன் செய்யத்தக்க சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: யூனிகோடு, குறியெண், எழுத்துக் கொத்து, சொற்பிரிப்பு, பைத்தான், சங்க இலக்கியத் தரவகம்.

முன்னுரை

தமிழ் இலக்கண மரபில் மெய்யெழுத்தே அடிப்படை. க் என்னும் மெய்யின்மீது அகரம் ஏறும்போது க என்னும் உயிர்மெய் பிறக்கிறது. கணினிக் குறிமுறை இதற்கு நேர்மாறானது. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையின் அமைப்பைப் பின்பற்றியே யூனிகோடு தமிழுக்கு இடமளித்தது. அதில் அகரம் ஏறிய க ஒரு குறியெண்ணால் குறிக்கப்படுகிறது (2965). க் என்னும் மெய்யோ அதனுடன் புள்ளியும் (3021) சேர்ந்த இரு குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் எழுத்து சரியாகத் தோன்றுவதால் இந்த வேறுபாடு வாசிப்பவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. எண்ணும்போதும் பிரிக்கும்போதும் வரிசைப்படுத்தும்போதும் அது வெளிப்படுகிறது.

ஒரு சொல்லும் பல எண்ணிக்கைகளும்

‘தமிழ்’ என்னும் சொல் யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. அது குறியெண்களை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டும் 5 என்றே விடையளிக்கிறது. ஆனால் அது எண்ணுவது 16 பிட்டு அலகுகளை. சுவிஃப்ட் மொழி எழுத்துக் கொத்துகளை எண்ணுவதால் 3 என்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளை எழுத்தெண்ணி வகுக்கும்போது உயிரில்லாத மெய்யைக் கணக்கில் கொள்வதில்லை. அம்முறையில் விடை 2.

இவற்றுள் எதுவும் தவறன்று. ஒவ்வொன்றும் வேறொரு வினாவுக்கான விடை. நாற்சீர் அடியை அளவடி என்று கொள்வதற்கும், 10 முதல் 14 எழுத்து வரை அமைந்த அடியை அளவடி என்று கொள்வதற்கும் இடையிலான உறவைத் தரவுகொண்டு ஆராய முற்படுபவர், பைத்தானின் நீள எண்ணிக்கையை எழுத்தெண்ணிக்கையாகக் கொண்டால் முடிவு முற்றிலும் பிழைபடும்.

பைத்தான் தரும் 5 ஒலியன் எண்ணிக்கையுடன் (த், அ, ம், இ, ழ்) தற்செயலாக ஒத்துப்போவது குழப்பத்தை மிகுவிக்கிறது. ‘மரம்’ என்னும் சொல்லில் இந்த ஒற்றுமை குலைகிறது: குறியெண்கள் 4, ஒலியன்கள் 5. நிரலைச் சோதிக்கப் பலரும் முதலில் தட்டச்சு செய்யும் சொல் ‘தமிழ்’ என்பதால் இந்தப் பிழை சோதனையில் தப்பிவிட வாய்ப்புண்டு.

பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒரே விடையைத் தருவதும் இல்லை. தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவை 16 பிட்டு எல்லைக்கு அப்பால் உள்ளவை. ஆதலால் அவற்றுள் ஒவ்வொன்றும் பைத்தானில் 1 ஆகவும் ஜாவாஸ்கிரிப்டில் 2 ஆகவும் எண்ணப்படும். பழங்கணக்குச் சுவடிகளைக் கையாள்வோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சொற்பிரிப்பில் மறையும் சொற்கள்

எண்ணிக்கைப் பிழையைவிடக் கேடு மிக்கது சொற்பிரிப்புப் பிழை. பைத்தானுடன் இணைந்து வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியில் ‘சொல்லுக்குரிய குறி’ என்பது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே உள்ளடக்கும். யூனிகோடு தரவுத்தளம் தமிழின் புள்ளியையும் துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் ‘எழுத்து’ வகையில் வைக்காமல் ‘குறி’ என்னும் வேறு வகையில் வைத்துள்ளது. ஆகவே அவை ஒவ்வொன்றும் சொல்லை வெட்டும் இடமாகிவிடுகின்றன. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என இரண்டாகிறது.

இயந்திரவழிக் கற்றலுக்குப் பெரிதும் பயன்படும் சைக்கிட்-லேர்ன் நிரலகத்தின் சொல்லெண்ணும் கருவி இதே வரையறையைப் பின்பற்றுவதுடன், இரு குறிகளுக்குக் குறைந்த துண்டுகளைத் தன் இயல்பு அமைப்பில் நீக்கியும் விடுகிறது. ஆங்கிலத்தில் ஓரெழுத்துச் சொற்களைக் களைவதற்கு இது பொருந்தும். தமிழில் நேர்வது வேறு. அகத்திணைப் பாடல்களின் கூற்றுக் குறிப்புகளை அக்கருவியிடம் கொடுத்தால் ‘தலைவி கூற்று’ என்பதில் ‘தல’ மட்டும் எஞ்சும். ‘தலைவன் கூற்று’ என்பதில் ‘தல’, ‘வன’ என்னும் இரு துண்டுகள் எஞ்சும். ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ ஆகியவற்றில் எதுவுமே எஞ்சாது. ‘நற்றிணை’ என்பது ‘நற’ ஆகிறது; ‘குறுந்தொகை’ என்னும் நூற்பெயரோ சுவடின்றி மறைகிறது.

இந்த இழப்பு எல்லாச் சொற்களையும் ஒரே அளவில் பாதிப்பதன்று. அகரம் ஏறிய எழுத்துகள் அடுத்தடுத்து வரும் சொற்கள் தப்புகின்றன. பிற உயிர்கள் ஏறிய சொற்கள் அழிகின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் ‘வந’ என ஒன்றாகிவிடுவதால் பால் வேறுபாடு தரவிலிருந்தே நீங்குகிறது. ‘பாடினான்’ முழுமையாக மறைகிறது. பாடல்களைக் கூற்றுவாரியாகவோ திணைவாரியாகவோ வகைப்படுத்த முயலும் ஆய்வுக்கு இது அடித்தளத்திலேயே ஏற்படும் சிதைவாகும். கருவி எந்தப் பிழைச் செய்தியும் தருவதில்லை. சொற்பட்டியலைத் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வகைப்பாட்டின் துல்லிய விழுக்காட்டை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

தீர்வு எளியது. அக்கருவி சொற்பிரிப்பு விதியை மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்க் குறியெண் தொகுதி முழுவதையும் சொல்லுக்குரியதாகக் கொள்ளும் விதியைத் தரலாம். அல்லது பைத்தானுக்குத் தனியே கிடைக்கும் ‘ரெஜெக்ஸ்’ நிரலகத்தைப் பயன்படுத்தலாம். அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே கொள்வதோடு எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்கவும் வல்லது. தமிழுக்கெனவே எழுதப்பட்ட ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்திலும் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயல்கூறு உண்டு.

ஒரே தோற்றமும் இரு குறிமுறைகளும்

கொ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் (3018) சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு (3014), துணைக்கால் (3006) என இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வடிவம் காணப்படுவதுண்டு. பைத்தான் இவ்விரண்டையும் வெவ்வேறு சரங்களாகக் கொள்வதால் ‘கொடி’ என்று தேடினால் ஒரு வடிவம் மட்டுமே அகப்படும். சுவிஃப்ட் இரண்டையும் சமமாகக் கொள்கிறது. யூனிகோடு வரையறுத்த சீராக்கத்தைத் தரவகம் முழுமைக்கும் தொடக்கத்திலேயே ஒருமுறை செய்துவிட்டால் எந்த மொழியிலும் இச்சிக்கல் எழாது.

வரிசைப்படுத்தலைப் பொறுத்தவரை, குறியெண் வரிசை அகராதி வரிசையன்று. யூனிகோட்டில் ன என்பது ந-வை அடுத்தும், ழ என்பது வ-வுக்கு முன்னும் இடம்பெறுகின்றன. எனவே இயல்பான வரிசையாக்கத்தில் ‘மனம்’ என்னும் சொல் ‘மலர்’ என்பதற்கு முன்னும், ‘பழம்’ என்பது ‘பவளம்’ என்பதற்கு முன்னும் வந்துவிடும். சொல்லடைவு உருவாக்குவோர் ஐ.சி.யு. நிரலகத்தின் தமிழ் வரிசை விதிகளைப் பயன்படுத்த வேண்டும்.

சோதனைப் பட்டியல்

கருவியைத் தேர்வதற்கு முன், விடை கையால் கணக்கிடப்பட்ட இருபது முப்பது சொற்களைக் கொண்ட பட்டியலொன்றை அமைத்துக்கொள்வது நன்று. மெய்யில் முடியும் சொல், ஒகர ஓகாரங்கள் இரு வடிவிலும் அமைந்த சொல், ஆய்தம் வரும் சொல், க்ஷ, ஸ்ரீ போன்றவை வரும் சொல் என வகைக்குச் சில இருக்க வேண்டும். க்ஷ, ஸ்ரீ ஆகிய ஒவ்வொன்றையும் யூனிகோடு விதி இரு எழுத்துக் கொத்துகளாகவே கொள்கிறது. ஓரெழுத்தாகக் கொள்ள விரும்புவோர் அதற்கெனத் தனி விதி எழுத வேண்டும். கருவியின் பெயரோடு அதன் பதிப்பெண்ணையும் ஆய்வேட்டில் குறிப்பது தேவை. 2023இல் வெளிவந்த யூனிகோடு 15.1 பதிப்பு மலையாளம், தெலுங்கு உள்ளிட்ட சில எழுத்துமுறைகளில் கூட்டெழுத்தைப் பிரிக்கும் விதியை மாற்றியது. தமிழ் அம்மாற்றத்துக்கு உட்படவில்லை. ஆயினும் திராவிட மொழி ஒப்பாய்வில் ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விடைகள் தரக்கூடும்.

எந்தக் கருவியாலும் தானே தீர்க்க இயலாத சிக்கல் ஔகாரம். ‘ஔவை’ என்பதை ஒ, ள, வை எனத் தட்டச்சு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு முதலாவது இரண்டெழுத்து, பின்னது மூன்றெழுத்து. யூனிகோடு சீராக்கம் இதனைத் திருத்தாது. ள என்பது தனி மெய்யெழுத்தின் உயிர்மெய் வடிவம். ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என மாற்றுமாறு நிரல் எழுதினால் ‘ஒளி’ கெடும்; ‘கெள’ வரும் இடமெல்லாம் ‘கௌ’ என மாற்றினால் ‘கெளரவம்’ திருந்தும், ‘கெளிறு’ என்னும் மீன்பெயர் சிதையும். மாற்ற வேண்டிய சொற்களைத் தமிழறிந்தவர் ஒருவர் பார்த்துப் பட்டியலிட வேண்டியுள்ளது. அப்பட்டியலைத் தரவகத்துடன் சேர்த்தே வெளியிட்டால், அதே தரவைப் பின்னர் எடுத்தாள்பவர் எந்தெந்தச் சொற்கள் திருத்தப்பட்டன என்பதைச் சரிபார்க்க இயலும்.