பச்சை உடம்பு – 9: பத்துக் கேள்விகள்

"பால் நல்லா சுரக்குதா? வெளிக்குப் போனியா? தையல் இன்னும் இழுக்குதா?"

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்களிடம் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. காதில் பஞ்சு வைத்தாயா, லேகியம் உருட்டித் தந்தார்களா, பால்சுறாப் புட்டு ஆச்சா என்று பச்சை உடம்பை ஊரே காவல் காக்கும். அந்த உடம்புக்குள் இருப்பவளை விசாரிக்க மட்டும் ஆள் வருவதில்லை.

சென்ற வாரம் மூன்றாம் நாள் அழுகையைப் பார்த்தோம். நஞ்சு விழுந்ததும் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் மளமளவென்று இறங்க, மார்பில் பால் கட்டும் அதே நாட்களில் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிடுகிறதே, அதுதான் இந்த வாரம்.

அதைக் கண்டுபிடிக்க 1987-ல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் ஒரு தாளை வெளியிட்டார்கள். பெயர், எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதற்கு முன்பிருந்த மனச்சோர்வு வினாத்தாள்கள் களைப்பு, தூக்கம் என்று உடம்பையும் சேர்த்துக் கணக்கெடுத்தன. கைக்குழந்தைக்காரியிடம் போய்த் தூக்கம் வருகிறதா என்றால் சிரிக்க மாட்டாளா? ஆகவே உடம்பை ஓரமாக வைத்துவிட்டார்கள். தூக்கம் பற்றி ஒரே ஒரு கேள்வி. அதுவும் மனவருத்தத்தால் தூக்கம் கெட்டதா என்றே கேட்கும். குழந்தை அயர்ந்த பிறகும் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவளை அது பிடித்துவிடும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் வாங்கியவள் இதில் 1 வாங்கினாலும் அன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கெட்டிக்காரத்தனமான தாள்தான். ஆனால் நம் பெண்கள் மனசைச் சொல்வதே உடம்பை வைத்துத்தானே? 'மனச்சோர்வு' என்பது பத்திரிகைச் சொல். அடுப்படியில் அதற்குப் பெயர், "நெஞ்சை அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல". ஆங்கிலத் தாளில் மனச்சோர்வைச் சந்தேகிக்கும் கோடு 12-க்கும் 13-க்கும் நடுவே இருந்தது. தமிழாக்கத்தைச் சோதித்தபோது 8-க்கும் 9-க்கும் நடுவே கோட்டை இறக்க வேண்டியிருந்தது. மாமியார் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறவள் எல்லாவற்றையும் ஒரு படி குறைத்துத்தான் சொல்வாள். அந்த இறக்கத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து, 2002-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் தொடருக்கு மிக நெருக்கமானது. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணிகளைச் சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி தேடிப் போனார்கள். புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் 11 சதவீதம். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனக்கசப்பு, கைவேலைக்கு ஆளில்லாதது ஆகியவை மனச்சோர்வோடு சேர்ந்திருந்தன. இவையெல்லாம் நாம் ஊகிக்கக்கூடியவை. பெற்றோரோடு உறவு சரியில்லாததும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான் என்னை நிறுத்தியது. தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், இனி கவலையில்லை என்று எத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறோம்!

ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பேறுகால மனப்பிறழ்வு வேறு ரகம். இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீத எண்ணங்கள் வரும். வேப்பிலை அடித்து நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம் அது. தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் பிரிவைப் பற்றி அடுத்த வாரம்.

கணியம்பாடியில் கணக்கெடுத்த அந்த 12 வாரக் கெடு முடிகிற சமயத்தில்தான் பல வீடுகளில் மூன்றாம் மாதம் என்று தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தொட்டில், கொலுசு, வசம்பு வளையல் என்று ஒன்று விடாமல் எண்ணி வண்டியில் ஏற்றுகிறோம். வண்டி கிளம்பும் முன் அவள் போனில் 14416 என்ற எண்ணையும் பதிந்து கொடுங்கள். டெலி மானஸ், இலவச மனநல உதவி எண். நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)