பல் ஊசியும் நெஞ்சுப் படபடப்பும்

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு தறி மாதிரி அடித்தது. ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?" கண்ணமங்கலத்தில் பட்டு நெய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு இல்லையென்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னோடு கலந்திருக்கும் அட்ரினலினின் வேலை. பயத்தில் உடலே சுரந்த அட்ரினலினும் சேர்ந்திருக்கலாம். 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார். 1903இல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிச் பிரவுன் அதை மரப்பு மருந்தோடு கலந்தார். ரத்தக்குழாய் சுருங்குவதால் மருந்து அங்கேயே தங்கும், ரத்தப்போக்கும் குறையும். வரலாறு இவ்வளவு போதும்.

ரத்த ஓட்டத்தைக் கிணற்றுப் பாசனமாக எண்ணிக்கொள்ளுங்கள். இதயம்தான் பம்புசெட். நீர் பாய்ச்ச வந்த ஆள் அட்ரினலின். செல்கள் அட்ரினலினை உணரும் இடங்களான ஏற்பிகளில், ஆல்ஃபா வழியாகத் தோல், ஈறுப் பக்கத்து மடைகளை அடைக்கிறார். பீட்டா-2 வழியாகத் தசைப் பக்கத்து மடைகளைத் திறக்கிறார். பீட்டா-1 வழியாக மோட்டாரை முடுக்குகிறார். ஒருபுறம் அடைத்தாலும் மறுபுறம் திறப்பதால், சிறிய அளவில் ரத்த அழுத்தம் அதிகம் ஏறாது. நெஞ்சு மட்டும் படபடக்கும்.

ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ ப்ரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவரின் கதை வேறு. அந்த மாத்திரை மோட்டார் சுவிட்சையும் தசை மடையையும் கட்டிப்போட்டுவிடும். வந்த ஆளுக்கு அடைக்கும் வேலை மட்டுமே மிச்சம். அழுத்தம் எகிறும், அதை உணர்ந்து உடல் இதயத் துடிப்பைக் குறைத்துவிடும்.

அறுவை அரங்கில் அட்ரினலின் அதிக அளவில் ரத்தத்தில் கலந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது, அதை இறக்க பீட்டா தடுப்பு மருந்து கொடுப்பது ஆபத்தாக முடியலாம். மடைகள் அடைபட்டிருக்க, மோட்டாரின் வலுவும் குறைந்தால் ரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரலில் தேங்கும்; இதயம் நின்றுபோகவும் கூடும். அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால் அவசரத்தைவிட நிதானமே பல வேளைகளில் காப்பாற்றுகிறது.

'அட்ரினலின் இல்லாத ஊசியே பாதுகாப்பு' என்று பரவும் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். மரப்பு சீக்கிரம் விலகி வலித்தால், உடலே அட்ரினலினைக் கொட்டும். அளவுதான் முக்கியம். அட்ரினலின் 1:80,000 விகிதத்தில் கலந்த கரைசலில் ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம் இருக்கிறது. இதய நோயாளிக்கு ஒரு தடவையில் 40 மைக்ரோகிராம் என்பது பல் மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, அதாவது 3.2 மில்லி. மருந்து நேராக ரத்தக்குழாய்க்குள் போய்விடாதபடி, செலுத்துமுன் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

பல் மருத்துவரிடம் போகும்போது, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.