கோணச் சாணை: உழைப்பும் பழுதுநீக்கலும்

கோணச் சாணை என்பது இரும்பு, கல், தரை ஓடு முதலியவற்றை அறுக்கவும் தேய்க்கவும் பயன்படும் மின் கைக்கருவி ஆகும். பட்டறைகளில் இது ஆங்கிள் கிரைண்டர் என்றே அழைக்கப்படுகிறது. மோட்டார்த் தண்டுக்குச் செங்கோணத்தில் வட்டு சுழல்வதால் இப்பெயர் பெற்றது. செருமனியின் அக்கர்மான் + சிமிட் நிறுவனம் 1954-இல் இதனை உருவாக்கியது. அதன் வணிகப் பெயரான ஃபிளெக்ஸ் என்பதே அந்நாட்டில் இக்கருவிக்குப் பேச்சுவழக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

பழுதை அறிய உள்ளமைப்பை அறிதல் வேண்டும். சுழலும் பகுதி ஆர்மேச்சர். அதைச் சூழ்ந்து நிலையாக இருப்பது ஃபீல்டு காயில். ஆர்மேச்சரின் பின்முனையில் செப்புப் பட்டைகளாலான திசைமாற்றி உள்ளது. இரண்டு கார்பன் கட்டைகள் சுருள்வில்லின் அழுத்தத்தால் அதனை உரசியபடி மின்னோட்டத்தைக் கொடுக்கின்றன. முன்முனையில் விசிறியும், வட்டைச் சுழற்றும் பற்சக்கரங்களும் உள்ளன. 4 அங்குலச் சாணையின் வட்டு பொதுவாக நிமிடத்திற்கு 11,000 சுற்றுகள் அளவில் சுழலும்.

கார்பனும் வெப்பமும்

கார்பன் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். அது குட்டையானதும் வில்லின் அழுத்தம் குறைந்து தீப்பொறி மிகும். செப்புப் பட்டைகள் கருகிக் குழிவிழும். சில கார்பன்களில், தேய்ந்ததும் மின்தொடர்பைத் தானே துண்டிக்கும் அமைப்பு உண்டு. அப்போது சாணை திடீரென நின்றுவிடும். இயந்திரமே போய்விட்டதென்று அதனைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுபவர்களும் உண்டு! இரண்டு கார்பன்களையும் ஒருசேர மாற்றினால் பெரும்பாலும் மீண்டும் ஓடும்.

ஆர்மேச்சரை எரிப்பது பெரும்பாலும் கையின் அழுத்தமே. பள்ளி இயற்பியலில் படித்த எதிர் மின்னியக்கு விசை இங்கே வேலை செய்கிறது. அழுத்தும்போது வேகம் குறைகிறது. எதிர் மின்னியக்கு விசையும் குறைவதால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே நேரத்தில் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் குளிர்ச்சி குறைகிறது. ஆகவே ஒலி தாழ்ந்தால் கையைத் தளர்த்த வேண்டும். கடினமான வேலைக்குப் பின் சாணையை உடனே நிறுத்தாமல், அரை நிமிடம் சுமையின்றி ஓடவிடுவது நல்லது.

காற்றுடன் உள்ளே போகும் தூசி இன்னொரு பகை. கல்தூள் காயிலின் மின்காப்புப் பூச்சை அரிக்கும். இரும்புத்தூள் மின்னோட்டத்தையே கடத்தும். கம்ப்ரசர் காற்றால் துளைகளை அவ்வப்போது ஊதிவிட வேண்டும். அப்போது கண்ணாடி அணிதல் அவசியம்.

பழுதுநீக்கல்

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கைப்பிடியருகே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருத்தல், சுவிட்சில் தூசி அடைத்தல் ஆகியவை எளிய பழுதுகள். கரகரப்பு ஒலி பேரிங் அல்லது பற்சக்கரத் தேய்மானத்தைக் காட்டும். பழைய கிரீசைத் துடைத்துவிட்டுப் புதிதாக அளவோடு இட வேண்டும். மிகுதியானால் அது சூடேறி மோட்டார்ப் பக்கம் கசியும். வட்டு சுழலும்போது பூட்டுப் பொத்தானை அழுத்துவதால் உடையும் பற்சக்கரப் பெட்டிகளும் உண்டு.

திசைமாற்றியைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் ஆர்மேச்சர் கெட்டிருக்க வாய்ப்புண்டு. காயில் கட்டும் கடைகளில் இதனைப் புதிதாகச் சுற்றலாம். ஆனால் பெரும்பாலான சாணைகள் இரட்டை மின்காப்பு உடையவை. அவற்றுக்கு எர்த் ஒயர் கிடையாது. எரிந்த ஆர்மேச்சரில் தண்டைச் சுற்றியுள்ள காப்பு உருகியிருந்தால் அது மின்னதிர்ச்சிக்கு வழிவிடும். மெக்கர் கொண்டு சோதிக்காமல் அதனைத் திருப்பித் தரக்கூடாது.

பழுதுபார்த்தபின் காப்புமூடியை மாட்டாமல் விடுவதும், அதனால் கிடைத்த இடத்தில் பெரிய வட்டைப் பொருத்துவதும் பட்டறைகளில் காணப்படும் மிக ஆபத்தான பழக்கம். பிசின் வட்டுகளின் விளிம்புக்கு வழக்கமான வேக வரம்பு நொடிக்கு 80 மீட்டர். 11,000 சுற்றில் 4 அங்குல வட்டின் விளிம்பு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் செல்லும். 7 அங்குல வட்டானால் அது 100 மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வேகத்தில் வட்டு வெடித்துச் சிதறலாம். புதிய வட்டும் ஈரத்தாலும் காலத்தாலும் வலுவிழக்கும். பல வட்டுகளின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி நாள் பொறிக்கப்பட்டிருக்கும்.