விடுபட்ட 444 பேர்

2020 ஜூலை 22 அன்று, தமிழ்நாட்டின் கொரோனா இறப்புக் கணக்கில் 444 பேர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் அன்று இறந்தவர்கள் அல்லர். மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் உயிரிழந்து, கணக்கில் விடுபட்டவர்கள். இறப்புப் பதிவுகளை அரசுக் குழு ஒப்பிட்ட பின்னரே இது தெரியவந்தது.

அப்போது நாள்தோறும் வெளியான எண்ணிக்கை, அன்றுவரை வந்துசேர்ந்த அறிக்கைகளின் தொகையே. பரிசோதனை குறைந்தால் தொற்றும் குறைந்ததுபோலத் தோன்றும். இறப்பு எண்ணிக்கையோ, தொற்று உயர்ந்து சில வாரங்கள் கழித்தே உயரும். எனவே ஒருநாள் எண்ணைக் கண்டு அஞ்சாமல், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள் என்கிறோம்.

2021இல் அறிவிக்கப்பட்ட 50,000 ரூபாய் நிவாரணத்தைப் பெற, இறப்புச் சான்றிதழில் கொரோனா இடம்பெறாத குடும்பங்களுக்குப் பரிசோதனை முடிவு கைகொடுத்தது. ஆகவே அத்தாளைப் பத்திரப்படுத்துங்கள்; சான்றிதழில் ஐயமிருப்பின் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.