உங்களுக்குத் தெரியுமா? வழுக்குவது கிணற்றடி மட்டுமல்ல

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ். குடாநாட்டில் இன்னும் பல வீடுகளில் குளிப்பு கிணற்றடியில்தான். முதியவர் விழுந்தால் பாசி பிடித்த சீமெந்தைத்தான் முதலில் குற்றம் சொல்கிறோம். பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டியதுதான். ஆனால் அதே சீமெந்தில் வழுக்கிய பேரன் சமாளித்து நின்றுவிடுகிறான். வயதோடு தொடைத் தசை மெலிகிறது. பார்வையும் உட்காதின் சமநிலை உணர்வும் மங்குகின்றன. தடுமாறிய உடலை நிமிர்த்தும் வேகம் குறைகிறது. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"வயது போன நேரம் சாய்மனைக் கதிரையிலேயே இருக்கட்டும்" என்பது பாசத்தில் வரும் யோசனை. பலனோ நேர்மாறு, அசையாத கால் இன்னும் மெலியும். 100க்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசி 2019இல் வெளியான கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சிக்குச் சான்று பலமானது. வெறும் நடைக்கு அப்படியில்லை. பயிற்சியின்போதே விழுந்தால்? நியாயமான பயம்தான். ஆகவே பக்கத்தில் ஒருவர் நிற்க, கனமான மேசையைப் பிடித்தபடி கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் அமர்வதில் தொடங்கலாம். நித்திரைக் குளிசையோ பிரஷர் குளிசையோ எடுப்பவருக்குத் தலைச்சுற்று வந்தால் அதுவும் விழ வைக்கலாம்; குளிசையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.